கம்பத்துக்கு அரப்புத் தேய்த்த சனிக்கிழமை

1

சுங்க இலாகாவிலிருந்து வந்த அட்டையைப் படித்துச் சொன்னதும் என் மனைவி பழனியம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "போச்சு போங்க. நம்மளை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பப் போறாங்க" என்றாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. மோகனூருக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து அம்மா கப்பலில் அனுப்பிய பொட்டலம் இங்கே இங்கிலாந்துத் துறைமுகத்தில் நிற்கிறதாம். உள்ளே பச்சையாக ஏதோ தூள் இருக்கிறதாம். அது என்ன ஏது என்று நான் நேரில் போய் விளக்க வேண்டுமாம்.

அரப்புதான், வேறென்ன! சேலம் ஜில்லாவில் அரப்புப் படாத தலை உண்டா? மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். உசிலை மர இலையைக் காயவைத்து இடித்த பொடி அது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறபோது நீங்கள் சிகைக்காய் போடுகிற இடத்தில் நாங்கள் இதைப் போடுவோம். எண்ணெய் போகும், உடம்புச் சூடு போகும், கண்ணில் பட்டால் உயிரே போகும்.

துறைமுகத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். தின்பதா? இல்லை. மருந்தா? இல்லை. பூச்சி மருந்தா? இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கண்ணில் பட்டால் தெரியும்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். மனிதர் எழுந்து உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து எல்லாம். கடைசியில் "ஷாம்பு, ஷாம்பு" என்று தலையைத் தேய்த்துக் காட்டித்தான் தப்பித்தேன். எரிச்சலில், "எனக்கு வேலை கிடைத்ததே இதனால்தான் ஐயா" என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் டிப்போவில் போர்மன், நேற்று ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார். நான் இந்த நாட்டில் லைன்மேன். ஆடு மேயும் மலைச்சரிவுகளில் மின்சாரக் கம்பி இழுக்கிற வேலை. கம்பத்தில் பூசிய எண்ணெயை இந்தப் பொடியால் கழுவித்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது என்று அவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். "மின்கம்பத்துக்கு ஷாம்பு போட்டாயா?" என்று அவர் கேட்டதும் லாரியில் இருந்தவர்கள் எல்லாம் கவிழ்ந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ஷாம்பு. முழுக்கதையையும் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், என் இங்கிலீஷ் பாதிக் கம்பத்திலேயே நின்றுவிட்டது. அந்த ஆற்றாமையில்தான் இதைத் தமிழில் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எனக்கு அப்போது பதினேழு வயது. வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். நாமக்கல் ரோட்டில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தேன் பாருங்கள், பார்த்துக்கொண்டே நின்றேன். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கம்பத்து உச்சியில் சாய்ந்து நின்று, இரண்டு கையாலும் வேலை செய்கிறான் ஒருத்தன். கீழே இருந்தவனிடம் பீடி கேட்டுச் சண்டை வேறு. ஆஹா, பிழைத்தால் இப்படிப் பிழைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அன்றிரவு சோறு இறங்கவில்லை.

எங்களுடையது வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். காவிரி கண்ணுக்குத் தெரியும், ஒரு சொட்டுக்கூட வயலுக்கு வராது. கிணறுதான் கதி. மாடு இரண்டையும் பூட்டிக் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். மாடு சரிவில் இறங்கினால் தோல்பை மேலே வரும், பின்னாலேயே ஏறினால் பை கிணற்றுக்குள் போகும். விடியுமுன்பே தொடங்கி வெயில் ஏறும் மட்டும் இதே வேலை. எனக்குப் பின்னால் தம்பிகள் யாரும் இல்லை. நான் போனால் அப்பா ஒற்றை ஆள்.

ஆகவே அப்பாவின் நிபந்தனை சுருக்கமாக இருந்தது. "ஓசியில போய் எவன் கடையிலயாச்சும் கூட்டிப் பெருக்கறதுக்கு என்ற பையனை அனுப்ப மாட்டேன். சம்பளம் குடுத்தானா போ. இல்லைனா மாட்டைப் புடி."

சம்பளம் கொடுத்துத் தொழில் பழக்குகிறவன் யார்? நாமக்கல்லில் மோட்டார் காயில் கட்டுகிற கடை ஒன்றில் கேட்டேன். வெற்றிலை பாக்கு வைத்து நாம்தான் அவருக்குத் தட்சிணை தர வேண்டுமாம். சேலத்துக்குப் போய்ச் செவ்வாய்ப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒயரிங் கடை ஒன்றில் என் வயசுக்காரன் ஒருத்தன் ஏணியைத் தூக்கிக்கொண்டு நின்றான். பெயர் சவரிமுத்து. சேலம் டவுன் கிறிஸ்தவப் பையன், வாய் ஓயாதவன்.

"இங்கயா கேக்க வந்த? நானே சம்பளம் இல்லாம சுவரு இடிச்சிட்டுக் கெடக்கிறேன்" என்று என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனான். "சர்க்கார் மின்சார இலாகாவுல ஆள் எடுக்கறாங்கப்பா. லைன் வேலை. பழகுற காலத்துலயே மாசாமாசம் சம்பளம்! உங்க மோகனூர்ப் பக்கந்தான் லைன் வருது. வர்ற சனிக்கிழமை கம்பத்துல ஏறச் சொல்லிப் பாப்பாங்களாம். நானும் வரேன்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனே அடுத்த குண்டையும் போட்டான். பதினெட்டு ஆகாதவனுக்குத் தகப்பன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அன்றைக்கே, அந்த இடத்திலேயே.

"எனக்கு அப்பா இல்ல. பங்குச் சாமியாரு எழுதிக் குடுத்துட்டாரு. உங்க அப்பா போடுவாருல்ல?"

பஸ் வந்துவிட்டதென்று ஓடிவிட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன், கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டு. அப்பா வேப்பங்குச்சியைத் துப்பினார். "கத்தும் குடுத்து, காசும் குடுக்கறானா? எந்த ஊரு நாயம் இது? புள்ளை புடிக்கறவனாத்தான் இருப்பான்." அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பயம். பாலம் கட்டினால் நரபலி, அணை கட்டினால் நரபலி என்று அப்போது ஒரு புரளி ஊரெல்லாம் திரிந்தது. "கம்பத்துக்கும் கேக்குமாட்ட இருக்குது சாமி. இல்லைனா சும்மா எதுக்குச் சம்பளம்?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

கடைசியில் அப்பா சொன்னார்: "சனிக்கெழமை ஒரு நாள் போ. அன்னிக்கு ஆவலைனா இந்தப் பேச்சே ஊட்டுல எடுக்கக் கூடாது. கவலைக்கு வந்தரோணும்."

3

இதே கதையை வீட்டில் சொல்லி இந்த இடத்துக்கு வந்தபோது என் மகள் மல்லிகா இடைமறித்தாள். அவளுக்கு ஏழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், இப்படியே எங்கள் வண்டி ஓடுகிறது. தாத்தா ஏன் வேண்டாம் என்றார், அது நல்ல வேலைதானே என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அவரவர் அப்பாவைப் பற்றிப் பேசச் சொன்னபோது, புயலில் போன வெளிச்சத்தை என் அப்பாதான் ஏறித் திருப்பிக் கொண்டுவந்தார் என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவள் அவள். அவளுக்கு இது எப்படிப் புரியும்?

சம்பளம் என்பது பாதிக் காரணம்தான். மரம் ஏறுகிற தொழில் சொந்தமாக நிலம் வைத்திருக்கிற காட்டுக்காரன் வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வறட்டு வீம்பு இருந்தது. பனை ஏறுகிறவன் இறக்கித் தந்ததைக் குடிப்பார்கள், அவனை வாசலுக்கு அந்தப் பக்கமே நிறுத்துவார்கள். இரும்புக் கம்பமும் அவர்கள் கண்ணுக்கு ஒரு மரம்தான். பத்துப் பேர் பார்க்க நான் அதில் ஏறினால் அப்பா எந்த முகத்தோடு சந்தைக்குப் போவார்? இப்படியெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை, "அது முட்டாள்தனம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதை மட்டும் தெளிவாகத் தமிழில் சொன்னாள். எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வந்த அரப்பைத் தேய்த்துக்கொள்ள மட்டும் மாட்டேன் என்கிறாள். நாற்றமாம். கண் எரிகிறதாம். பழனியம்மாளும் அவளும் குளியலறையில் போடுகிற கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, ஆபத்தா என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

4

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

முந்தின நாளே இலாகா ஆட்கள் எங்கள் ஊர்க் கோயில் பொட்டலில் ஒரு இரும்புக் கம்பத்தை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். போகும்போது ஊர் மணியக்காரரிடம், "நாளைக்குப் பசங்க ஏறப் போறாங்க. எல்லாத்தையும் தயார் பண்ணி வையுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், அவ்வளவுதான் அவர்கள் நினைத்தது. மணியக்காரர் சர்க்கார் காரியத்தில் குறை வைக்கிறவரா? பசங்கள் கம்பத்தில் ஏறுவதென்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், கோயில் திருவிழாவில் நடக்கிற வழுக்கு மரம்.

நானும் சவரிமுத்துவும் பொட்டலுக்குப் போனபோது தப்பட்டை முழங்கிக்கொண்டிருந்தது. கம்பம் அடியிலிருந்து நுனி வரைக்கும் பளபளவென்று மின்னியது. விளக்கெண்ணெயில் கேழ்வரகுக் கூழைக் குழைத்து, பாதிக்கு மேல் ஏணி வைத்து, ஒரு விரல் இடம் விடாமல் பூசியிருந்தார்கள். உச்சியில் ஒரு புதுத் துண்டில் தேங்காய் பழம் முடிந்து தொங்கியது. நாலு ஊரிலிருந்தும் வந்த பையன்கள் கம்பத்தைப் பார்ப்பதும் ஒருவரை ஒருவர் பார்ப்பதுமாக நின்றார்கள்.

"ஏம்ப்பா, உங்க ஊர்ல லைன்மேன் வேலை இப்படித்தானா?" என்றான் சவரிமுத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜீப்பில் இன்ஜினியர் வந்து இறங்கினார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. நேரே போய்க் கம்பத்தின் மேல் கையை வைத்தார். எடுத்தார். கையைப் பார்த்தார்.

"யாரு பண்ணின வேலை இது?"

மணியக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏனுங்க, எண்ணெய் பத்தலைங்களா? இன்னும் ஒரு குடம் இருக்குதுங்க."

இன்ஜினியருக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. கத்தினார். வேறு கம்பம் நட்டு இறுக இன்னொரு நாள் வேண்டும், தனக்கு நாளை வேறு தாலுகாவில் வேலை, இந்தப் பக்கத்துத் தேர்வு ரத்து, அடுத்த தடவை எப்போது என்று தெரியாது, எல்லோரும் ஊர் போய்ச் சேருங்கள் என்று ஜீப்பை நோக்கி நடந்தார்.

அடுத்த தடவையா! எனக்கு ஏது அடுத்த தடவை? அன்று மாலையே மாட்டுக் கயிறு என் கையில் இருக்கும். எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"சார், கழுவிரலாமுங்க. அரப்பு இருக்குதுங்க."

"அரப்பா? அப்படின்னா?"

"எண்ணெய்த் தலைக்குத் தேக்கறதுங்க. இன்னிக்குச் சனிக்கெழமைங்க சார். ஆம்பளைங்க அல்லாரும் எண்ணெய் தேச்சுக்கற நாளு. ஊட்டுக்கு ஊடு நனைச்சு வெச்சிருப்பாங்க."

அவர் நம்பவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் அதற்குள் சிரிப்பும் கும்மாளமுமாக வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். கிண்ணம், குண்டா, தொட்டி என்று பச்சைப் பசையாக அரப்பு வந்து இறங்கியது. "எங்க ஊட்டுக்காரருக்கு இன்னிக்கு எண்ணெய்த் தலைதான் சார்" என்று ஒரு அம்மாள் சொன்னதும் இன்ஜினியர் சிரித்துவிட்டார். "சரி, ஒரு மணி வரைக்கும் இருக்கேன்" என்று நாற்காலியைப் போடச் சொன்னார்.

பெல்ட்டைக் கொடுத்தார்கள். தேங்காய் நாரும் அரப்புமாக, கை எட்டுகிற உயரத்துக்கு முதலில் தேய்த்தேன். கழுவி, சாக்கால் துடைத்து, அந்த இடத்தில் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அதற்கு மேலே தேய்த்தேன். என் புத்தி எப்படிப் பாருங்கள்! மேலே கழுவிய எண்ணெய்த் தண்ணீர் முழுக்கக் கீழே கழுவி வைத்ததன் மேல்தானே இறங்கும்? இறங்கியது. என் தலை வழியாக, கண் வழியாக இறங்கியது. ஐயோ அந்த எரிச்சல்! சரக்கென்று வழுக்கி ஒரு ஆள் உயரம் கீழே வந்து பெல்ட்டில் தொங்கினேன். கூட்டம் "ஆ"வென்றது. எங்கோ அம்மாவின் குரல் கேட்டது.

"கண்ண மூடிக்கிட்டு மேல போ! தொடைச்சுக்கிட்டே போ! அப்புறம் உச்சியிலேருந்து கழுவிக்கிட்டு எறங்கு!" என்று கீழேயிருந்து கத்தினான் சவரிமுத்து. வாளியில் கயிறு கட்டி எனக்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தவன் அவன்தான். அவனும் போட்டிக்கு வந்தவன் என்பது எனக்கும் மறந்துவிட்டது, அவனுக்கும் மறந்துவிட்டது.

அவன் சொன்னபடியே செய்தேன். சாக்கால் வழித்துக்கொண்டே உச்சிக்குப் போனேன். தேங்காய் முடிச்சை அவிழ்த்து மணியக்காரர் கையில் விழுகிற மாதிரி போட்டேன். அப்புறம் மேலிருந்து கீழாக, அரப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றி, துடைத்து, மறுபடி அரப்புப் போட்டு, என் அம்மா எனக்குத் தேய்க்கிற மாதிரியே கம்பத்துக்குத் தேய்த்துவிட்டு இறங்கினேன்.  கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

இன்ஜினியர் வந்து கம்பத்தைத் தடவினார். கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"ம்... ஆரம்பிக்கலாம். ஒவ்வொருத்தனா ஏறி, குறுக்குச் சட்டத்த மேல பூட்டணும்."

பிறகு பாருங்கள் கூத்தை! நான் குளிப்பாட்டி வைத்த கம்பத்தில் ஒவ்வொருத்தனும் ஜம்மென்று ஏறுகிறான். சவரிமுத்து ஏறிச் சட்டத்தைப் பூட்டி, கழற்றி, ஏசுவே என்று சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான். வயிறு எரியாமல் இருக்குமா எனக்கு? நானோ கை கால் வெலவெலத்து வேப்பமரத்தடியில் கிடக்கிறேன். கடைசிப் பெயர் என்னுடையது. எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன், கூட்டத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா நின்றுகொண்டிருந்தார். மாட்டின் கொம்பில் ஒரு கை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

5

எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. ஏறிவிட்டேன். பெல்ட்டைப் போட்டுச் சாய்ந்தேன். கீழே காவிரி தெரிந்தது, மணல்திட்டு தெரிந்தது, எங்கள் மேட்டுக் காடும் கவலைக் கிணறும் தெரிந்தன. என்ன ஒரு காட்சி! பயம் எல்லாம் எங்கே போனதோ. சட்டத்தை வைத்து முதல் போல்ட்டைச் செருகும்போது, கீழே இன்ஜினியரின் குரல் கேட்டது.

"இவன் பதினேழுன்னு எழுதியிருக்கானே. இவனோட தகப்பனார் யாரு?"

ஸ்பேனர் கையில் அப்படியே நின்றது. கீழே பார்த்தேன். தலைகள் விலகின. அப்பாவின் தலைப்பாகை நடந்து வந்து இன்ஜினியரின் முன் நின்றது. மேலேயிருந்து முகம் தெரியவில்லை.

"பையனை எடுத்துக்கறோம். நீங்க சம்மதம்னு கையெழுத்துப் போடணும். போடலைன்னா எடுக்க முடியாது, அவன் எவ்வளவு நல்லா ஏறினாலும்."

 மணியக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதில் பெல்ட்டுக் கொக்கி கம்பத்தில் டக் டக் என்று தட்டியது. வேண்டாம் என்று சொல்லிவிடுவார். மாட்டுக் கயிறுதான். இந்த உச்சி இன்றோடு சரி.

"ஏனுங்க சார்" என்றார் அப்பா. "இந்தக் கரண்டு கெணத்துக்கு வந்தா மோட்டாரே தண்ணி எறைக்குமாமுங்க. நெசங்களா?"

"நெசந்தான்."

"எங்க மேட்டுக்காட்டுக்கு அது எப்பங்க வரும்?"

இன்ஜினியர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். "கம்பம் இருக்கு, கம்பி இருக்கு. மேல ஏறிக் கட்டத்தான் ஆள் பத்தலை. ஆள் கிடைச்சா சீக்கிரம் வரும்."

அப்பா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு பொட்டல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ஆளுதான் மேலயே நிக்கறானேங்க. எங்கீங்க கைநாட்டு வெக்கோணும்?"

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். மறுபடி தப்பட்டை முழங்கியது. மை டப்பியைத் திறந்து நீட்டினார்கள். அப்பா பதற்றத்தில் வலது கையை நீட்டுவது எனக்கு மேலேயிருந்து தெரிந்தது. ஆண்களுக்கு இடது பெருவிரல் அல்லவா! அது செல்லாது என்று சொல்லிவிட்டால்? நான் கம்பத்தைக் கட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்.

"அப்பா, எடது கைங்கப்பா! எடது கை!"

அப்போதுதான் அப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஊரே கேட்கக் கத்தினார்:

"எனக்குத் தெரியுஞ்சாமி! நீ கையில இருக்கறதப் பாத்துப் பூட்டு!"